டைனமோவுக்குப் பின்னால் இருந்த பச்சை

ஜூன் 3, 2024

இலத்தூர் ஏசுவடியான் சார் தன் அப்பாவின் மோரிஸ் மைனர் காரைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். ஐம்பத்தாறாம் வருட வண்டி. எஞ்சினை இறக்கி, அது கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன நிறமோ அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாராம்.

"கலர் மாறிச்சுன்னா கண்டுபிடிச்சிருவாங்க தில்லை" என்றார். சரி என்றேன். போகும்போது என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யோகா, கலர நீ பாத்துருவேல்லா?"

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தென்காசியில் ஸ்ப்ரே கன் பிடிக்கிறவன் நான். என் பெண்டாட்டி பட்டறைக்கு வந்து மூன்றே வருடம்.

ஜூன் 6

யோகலட்சுமி பன்னிரண்டு வருடம் பஜாரில் மேட்சிங் பிளவுஸ் கடையில் நின்றவள். சேலையை ஒரு தடவை பார்ப்பாள். இருநூறு துணிகளுக்கு நடுவே கைவிட்டு ஒன்றை உருவுவாள். அதுதான் பொருந்தும். அந்தக் கடையை மூடியபோது, "வீட்ல சும்மா எதுக்கு இருக்க, பட்டறைக்கு வா" என்று கூப்பிட்டது நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு அம்பாசடர் கதவு. நான் மூன்று தடவை கலந்தும் பொருந்தாத நிறத்தை ஒரு சொட்டுக் கறுப்பில் முடித்தாள். வண்டிக்காரர் அவளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நான், கையில் டப்பாவோடு. போட்டோவில் என் தோள் மட்டும் விழுந்திருக்கும்.

ஜூன் 10

பச்சை கலந்தேன். எஞ்சின் பிளாக்கின் மேல் இருக்கும் நிறத்தோடு வைத்தால் இம்மி வித்தியாசம் இல்லை. அவள் டப்பாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"மஞ்சள் தூக்கலா இருக்குங்க."

"பிளாக்குல இருக்கதத்தானே கலந்திருக்கேன்?"

"அது இத்தன வருசம் சூட்டுல வெந்த மஞ்சள்லா. புதுசா வரும்போது கொஞ்சம் நீலம் ஓடியிருக்கும்னு தோணுது."

தோணுதாம்! எத்தனை எஞ்சினைப் பார்த்திருக்கிறாள் இவள்?

"ஏட்டி, இது ஜாக்கெட் துணி இல்ல" என்றேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 11

சாரல். காற்றெல்லாம் ஈரம், இன்று அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

ஜூன் 14

எழுதுவதா வேண்டாமா — எழுதிவிடுகிறேன்.

அவள் குற்றாலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். டைனமோவைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், பிளாக்கின் மேல் கிரீஸ் கல்லாக உறைந்திருந்தது. சுரண்டினேன். அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பச்சை. சூடும் வெளிச்சமும் படாத பச்சை. நீலம் ஓடிய பச்சை.

அவள் சொன்னதேதான். பார்க்காமலே சொன்னாளே, எப்படி? எப்படிச் சொன்னா?

உப்புத்தாளை எடுத்தேன். இரும்பு தெரியும்வரை தேய்த்தேன்.

ஜூன் 19

இரண்டு நாளாக நல்ல வெயில். பிளாக்கை என் நிறத்திலேயே அடித்து முடித்தேன். யோகா சுற்றிவந்து பார்த்தாள்.

"எங்கனயாவது பழைய பெயிண்ட் அப்படியே இருந்துச்சா, நான் சொன்னாப்ல?"

"இல்ல."

"அப்போ எனக்குத்தான் கண்ணு தப்பிட்டு."

ஜெயித்தாயிற்று.

ஜூன் 24

அச்சன்புதூரிலிருந்து ஒரு ஜீப் கதவு வந்தது. சிவப்பு. இரண்டு விதமாகக் கலந்து பக்கத்தில் பக்கத்தில் தடவி வைத்துவிட்டு நின்றாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

இடப்பக்கம் இருப்பதுதான் சரி. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா? அவள் விரல் அதன் மேல் போனது, தொடாமல் திரும்பியது.

மூன்று வருடமாக இதைத்தானே வேண்டினேன். கிடைத்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 27

மோரிஸின் வாட்டர் பம்ப் மட்டும் இன்னும் கழுவாமல் கிடந்தது. டீசலில் ஊறவைத்து, முன்னால் இருந்த புல்லியைக் கழற்றினேன். பின்னால் அழுக்குக்கு அடியில் அதே பச்சை.

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"யோகா, நீ சொன்னதுதான் சரி. இந்தா பாரு. பிளாக்குலயும் இருந்துச்சு. நான்தான் தேய்ச்சுட்டேன்."

"எதுக்கு?"

"நீ சரியாச் சொல்லிட்டேங்கது எனக்குப் பொறுக்கல."

பம்பை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்தப் பச்சையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள், என்னை இல்லை.

"எட்டு நாளா என் கண்ண நானே நம்பலீங்க" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஜூன் 28

நான் அடித்த பெயிண்டை முழுக்க உரித்தேன். அவள் உரிக்கச் சொல்லவில்லை.

ஜூலை 9

அவள் கலந்தாள், நான் அடித்தேன். சார் வந்தார். ஏன் தாமதமென்று நானே சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்காமல். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எஞ்சின்மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எங்கப்பா பானட்டத் தூக்கும்போது இந்தப் பச்சதாம்மா தெரியும்" என்று யோகாவைக் கும்பிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும்! வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

ஆகஸ்ட் 2

ராயகிரியிலிருந்து ஒரு பழைய ஃபியட் எஞ்சின் வந்து இறங்கியது. கழற்ற ஸ்பேனரை எடுத்தேன். உள்ளே வேலையாக இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ம், கழத்துங்க" என்றாள்.

கடைசி போல்ட் வரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, மெதுவாகவே கழற்றினேன்.