வாவியில் வெள்ளி பார்த்த ஒன்பது பேர்

இன்று காலை ஒரு மாநாட்டுப் படிவம் வந்தது. கண்டல் எனும் சதுப்புநிலக் காடுகளைக் காப்பது பற்றிய மூன்று நாள் கூட்டம். கடைசிப் பக்கத்தில், விரும்பியவர்கள் மட்டும் சேரக்கூடிய நிகழ்வுகளின் பட்டியல்: பறவை பார்த்தல், கரப்பந்து, வெளிச்சவீடு வரை சைக்கிள் பயணம், மாலையில் நட்சத்திரம் பார்த்தல், நம் பேச்சில் வெள்ளி பார்த்தல். அந்தக் கடைசி வரியில் என் பேனை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அதை முதலில் எழுதியவள் நீ. அதற்காக நீ பட்ட பாடு இந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்குத் தெரியாது. நீ போய்ப் பத்து மாதமாகிறது. உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

நாம் சந்தித்தது சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த கிழமையில், பாடசாலையில் அமைத்த முகாமில். நான் வவுணதீவிலிருந்து சமையலுக்கு உதவ வந்தவள். நீ பெரியகல்லாற்றில் புருசனையும் மகளையும் இழந்து வந்தவள். ஐந்தாம் நாள் பொழுதுபட்டதும், நிலவு எழும்ப முன், மைதானத்தில் தனியே அண்ணாந்து நின்றாய். சோற்றுத் தட்டோடு வந்து, என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"வெள்ளி பார்க்கிறன் புள்ள. ஊரெல்லாம் கரண்ட் இல்ல, நல்லாத் தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. "இந்த நேரத்திலயா?" என்றேன்.

"தண்ணி எல்லாத்தையும் எடுத்திட்டு. இது மட்டும் அதுக்கு எட்டல்ல" என்று சொல்லித் தட்டை வாங்கினாய். அன்றுதான் நீ முதல்முறையாகச் சாப்பிட்டாய்.

பிறகு இருவரும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தோம். கடலோடு சேரும் எங்கள் வாவிக் கரையில் கண்டல் நடும் வேலை. காலையில் இடுப்பளவு சேற்றில் நிற்போம். பொழுதுபடுமுன் வீட்டுக்கு ஓடுவோம். அது யுத்த காலம், இருட்டினால் வாவியில் தோணி இறக்க இராணுவத்தின் தடை. வானத்தில் வெளிச்சம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் இராணுவம் மேலே சுட்டு எரியவிடும் பரா லைட்தான். அது எரிந்தால் தரையில் படுக்கவேண்டும் என்பதை எழுத்துப் படிக்க முன்னரே படித்துவிட்டார்கள். அவர்கள் வானத்தைப் பார்த்துப் பயப்படுவது உனக்குப் பொறுக்கவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த மாசியில் எங்கள் ஊரில் இதுபோலொரு கண்டல் மாநாடு வந்தது. பிரதிநிதிகளுக்கான மாலை நேரப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை நமக்கு. கூத்து, கரப்பந்து எல்லாம் எழுதிய பிறகு, நீ உன் கையால் 'வாவியில் வெள்ளி பார்த்தல்' என்று சேர்த்தாய். எங்கள் அலுவலக ஒருங்கிணைப்பாளர் அதை வெட்டினார்.

"ஆக்கள இருட்டில வெளிய கொண்டு போக ஏலாது. அதோட, இவ்வளவு பேர் செத்த ஊரில தோணியேறி வேடிக்கை பார்க்கிறது சரியில்ல" என்றார்.

நீ எழுந்து நின்றாய். "செத்தது என்ட ஆக்கள், சேர். அது சரியா பிழையா எண்டு நான் சொல்றன்."

அவர் தாளை உன் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்தது இராணுவ முகாம். அனுமதி கேட்டு இரண்டு நாள் வாசலில் காத்திருந்தோம். எட்டரைக்குள் கரைக்கு வந்துவிடவேண்டும் என்று அதிகாரி வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. உனக்கு அதுவே போதுமாயிருந்தது. கரையோர வீடுகளுக்குப் போய், ஒரு மணித்தியாலம் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டாய். கதவைத் திறந்த ஒருவர் சிரித்தார்.

"இவ்வளவு காலம் அவங்கள் சொல்லி நூத்தம். இப்ப நீயுமா?"

"அப்ப பயத்தில நூத்தம், அண்ணன். இண்டைக்கு நாம விரும்பி நூப்பம்."

அவர் சிரிப்பை நிறுத்தி, அங்கேயே சுவிட்சில் கை வைத்தார்.

பிரதிநிதிகளில் அநேகர் கூத்துப் பார்க்கப் போனார்கள். நம்மிடம் வந்தது ஒன்பது பேர். இரண்டு தோணிகளில் ஏற்றினோம். கரை ஒவ்வொரு வீடாக இருண்டது. நடு வாவிக்கு வந்து துடுப்பை நிறுத்திய கொஞ்ச நேரத்தில், இராணுவக் காவலரணிலிருந்து தேடும் விளக்கு நம் தோணி மேல் விழுந்தது. தோணிக்காரர் அந்தக் கணமே அடித்தட்டில் சுருண்டுவிட்டார். நானும் குனிந்தேன். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீ மட்டும் ஆடும் தோணியில் எழுந்து நின்றாய். உன் சேலையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டாய்.

"லைட்ட நூருங்க! வெள்ளி பார்க்கிறம்!" என்று கத்தினாய். தமிழில் ஒருமுறை, உனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஒருமுறை.

வெளிச்சம் உன் முகத்திலேயே நின்றது. நீ கண்ணை மூடவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அது அணைந்தது.

கண் இருட்டுக்குப் பழக, வானம் மெல்ல மெல்ல நிறைந்தது. அடித்தட்டிலிருந்து எழும்பிய தோணிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அந்தா, ஆறாமீன்" என்று கார்த்திகை நட்சத்திரங்களின் சின்னக் கூட்டத்தைக் காட்டினார். "வாவிக்கு நடுவில நிண்டு இதப் பார்த்து எத்தின வருசம்!" அவர் அழுதது குரலில் தெரிந்தது. வெளியூர்ப் பெண் ஒருத்தி அதன் பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகத் திருத்தினார்.

அடுத்த மாதம் அலுவலகம் உன் வேலையை நீட்டிக்கவில்லை. காரணம் கேட்கப் போன என்னைத் தடுத்தாய். "அவங்கட பட்டியல்லதான் என்னை வெட்டலாம்" என்றாய். அதன் பிறகும் மாதம் ஒருமுறை, நிலவில்லாத மாலையில், பெரியகல்லாற்றுப் பெண்களைத் தோணியேற்றினாய். சுனாமிக்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே வராதவர்கள் அவர்கள். முதல் நாள் கரையில் நின்று நடுங்கிய ஒருத்தி, மூன்றாம் மாதம் துடுப்புப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நான் வெள்ளியாகிட்டன் எண்டு ஆருக்கும் சொல்லிப்போடாத புள்ள. நான் மனிசி. அப்படியே நினைச்சுக்கொள்ளு." நான் சொல்லவில்லை. செத்த வீட்டில் ஒருவர் அப்படிச் சொல்ல வந்தபோது எழுந்து தடுத்தேன்.

இப்போது தோணிகளை நான்தான் கொண்டுபோகிறேன். உன்னைப் போல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் பேசிவிடுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். வாவிக் கரையில் புதிதாக எழுந்திருக்கும் ஹோட்டல் தண்ணீர்ப் பக்கம் முழுக்கப் பெரிய விளக்குகள் போட்டிருக்கிறது. மாதம் ஒரு மாலை அவற்றை அணைக்கச் சொல்லிக் கேட்க, போன கிழமை முகாமையாளரிடம் போனேன். "வெளிச்சம் இருந்தாத்தான் ஊர் முன்னேறும், அம்மா" என்றார். திரும்பி வந்து இரண்டு நாள் யோசித்தேன். இப்போது மறுமொழி வந்துவிட்டது. திங்கட்கிழமை தோணிக்காரரையும் பெரியகல்லாற்றுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், பயமில்லாமல் விரும்பி விளக்கை அணைக்கத் தெரிந்த ஊர்தான் முன்னேறிய ஊர் என்று அவரிடம் சொல்லப்போகிறேன்.