உன் மனுவைத் திரும்பப் பெறுகிறேன், அண்ணே

கல்வெட்டைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்துவிடும் என் அண்ணனுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்து அழுதேன். இன்று திட்டுவதற்காக எழுதுகிறேன்.

பாபநாசத்துக்குக் கீழே ஆற்றுக்குள் நின்றதே உன் செல்லக் கல், அது இப்போது மின்சாரக் கம்பெனியின் வாசலில் பூங்காவில் நிற்கிறது. நீ கண்ணை மூடிய மறு மாதமே பெயர்த்துவிட்டார்கள். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டுமாம், வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். "இயற்கையையும் பாரம்பரியத்தையும் காக்கிறோம்" என்று பக்கத்தில் ஒரு பலகை. ஆறு காய்ந்து கிடக்கிறது. சுற்றி வைத்த குரோட்டன்ஸ் செடிகளுக்கு மட்டும் இரண்டு வேளையும் தண்ணீர் பாய்கிறது.

உனக்கு அந்தக் கல் என்றால் எழுத்து. வயல்காரர்களுக்கு எழுத்துக்குக் கீழே இருந்த ஒற்றைக் கோடு. தண்ணீர் இறங்கிக் கோடு வெளியே தெரிந்தால், அங்கே வயல் வைத்திருக்கும் சுடலைமுத்து கல்லில் அடையாளத்துக்கு வேப்பங்குலை கட்டிவிட்டு மின் நிலையத்துக்கு ஓடுவான். உடனே அவர்கள் மின்சாரத்துக்குத் தண்ணீரை இழுக்கும் தங்கள் மதகை அடைத்து ஆற்றில் தண்ணீர் விட வேண்டும். கம்பெனி வந்தபோது எழுதிய ஒப்பந்தமே அந்தக் கோட்டை வைத்துத்தான்.

துணி துவைத்தே எழுத்தைத் தேய்த்துவிடுகிறார்கள், கல்லைக் காப்பாற்றுங்கள் என்று நீதானே கம்பெனிக்கு மனுக் கொடுத்தாய்? அதே இடத்தில் கோடு போட்ட தூண் ஒன்று நட்டுவிடுகிறோம் என்றார்களாம், நீயும் சரி என்று வந்துவிட்டாயாம். கல்லில் வெட்டியதைத் தவிர எதையும் நம்ப மாட்டேன் என்பாயே, அவர்கள் வாயால் சொன்னதை எப்படி நம்பினாய்? காபி கொடுத்து "ஐயா, ஐயா" என்றதும் மயங்கிவிட்டாயா?

தூண் வரவே இல்லை. போன வாரம் சுடலைமுத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து தச்சநல்லூரில் இருக்கும் எனக்குப் பேசினான்.

"எக்கா, நாத்து கருகுது. தண்ணி விடுங்கன்னா, கோட்டைக் காட்டுங்கான். கல்லு அவன் தோட்டத்துல நிக்குது, நான் எங்கன போய்க் காட்ட?"

"தோட்டத்துல நிக்குத கல்லைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேன். 'தோட்டத்துல ஏதுவே தண்ணி'ன்னு கேட்டுச் சிரிக்கான். 'ஒங்க வாத்தியார் எழுதிக் கேட்டுத்தானே எடுத்தோம்'னு அண்ணாச்சி கையெழுத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டுதான்."



வெள்ளிக்கிழமை பூங்காத் திறப்பு விழா. கல்லுக்குப் பக்கத்தில் உன் பெயர் பொறித்த பளிங்குப் பலகை வைக்கிறார்களாம். நான்தான் திரையை விலக்க வேண்டும் என்று ஜீப்பில் வீடு தேடி வந்து அழைத்தார்கள். "சார் பேரு காலாகாலத்துக்கும் நிக்கும், அம்மா" என்றார் அந்த அதிகாரி. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஜீப் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயரைக் காட்டித்தானே இனிமேலும் சுடலைமுத்துவை விரட்டுவார்கள்?

உன் பெயர் கெட்டால் எனக்கு அழுகை வரும். நாற்று கருகினால் அவன் வீட்டில் உலை ஏறாது. நீயே சொல், நான் எதைப் பார்ப்பது?

விழாவுக்குப் போகிறேன். திரையைத் தொட மாட்டேன். மைக்கை வாங்கி, "என் அண்ணன் ஏமாந்துபோய்க் கொடுத்த மனு அது. அவன் சார்பில் நான் திரும்பப் பெறுகிறேன். கல்லை ஆற்றில் கொண்டுபோய் நடுங்கள்" என்று ஊரே கேட்கச் சொல்வேன். அவ்வளவு படித்த வாத்தியாரைக் கூடப்பிறந்தவளே ஏமாளி என்றாள் என்று பேசுவார்கள். பேசட்டும். சொல்லாமல் வர மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன் கோபத்தையும் தாங்கிக்கொள்ளும்
ஒரே தங்கை,
செண்பகம்