கடை திறந்ததும் முதல் சவரம்

மார்ச் 4

இன்றும் தரைதான் கூட்டினேன். அண்ணன் சலூனில் எனக்கு மிஞ்சிய வேலை அதுதான். மனச்சிதைவுக்குக் கொடுத்த மாத்திரை காதில் கேட்கும் குரலை அடக்கியது, கூடவே கையையும் நடுங்க வைத்துவிட்டது. இந்தக் கையில் கத்தியை எவன் நம்புவான்? முன்பெல்லாம் கடை திறந்ததும் முதல் சவரம் அண்ணனுக்கு, நான்தான் செய்வேன். இப்போது அவனே கண்ணாடி முன் நின்று மழித்துக்கொள்கிறான்.

மார்ச் 7

டாக்டரம்மா மாத்திரையை மாற்றுகிறார். "பழசைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம், புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். அவசரப்படாதீங்க." தலையை நன்றாகத்தான் ஆட்டினேன்.

மார்ச் 19

நடுக்கம் பாதி போச்சு! பழசைப் பாதியாகக் குறைத்ததற்கே இப்படி என்றால், முழுசா விட்டால்? நாளையிலிருந்து பழசு வேண்டாம். அண்ணனிடம் சொல்லவில்லை.

மார்ச் 27

கை ஆடவே இல்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான். ஒரு கீறல் இல்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே என் மூஞ்சில நீ மட்டுந்தான்டா கைவைக்கணும். நான்கூட வைக்கமாட்டேன்" என்றான். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2

தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் என்னைப் பற்றித்தான் பேசு— இல்லை. டிவி.

ஏப்ரல் 5

வந்துவிட்டது. அதே குரல். அண்ணன் தாடையில் நுரை, என் கையில் கத்தி. காதுக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொல்கிறது: "அவன் உன்னை நம்பல. பயத்துலதான் கண்ண மூடியிருக்கான்." பொய் என்று தெரியும். தெரிந்து என்ன? அண்ணன் எச்சில் விழுங்கியதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தேன். "என்னடா ஆச்சு?" என்றான், பாதி முகத்தோடு. மாத்திரையை விட்டதைச் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். நுரையைத் துடைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினான்.

ஏப்ரல் 6

"புதுசு பிடிக்கறதுக்குள்ள பழச விட்டுட்டீங்களே. இப்போதைக்குப் பழசுக்கே போவோம்" என்றார் டாக்டரம்மா. மறுபடி எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "முதல்ல தூங்குங்க."

என் கையை நானே கெடுத்துக்கொண்டேனே! பைத்தியக்காரன். எழுதிவிட்டேன், அந்தச் சொல்லை அடிக்கப் போவதில்லை.

மே 12

குரல் இல்லை. கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ரெண்டில் ஒன்றுதான் எனக்கு என்று எவன் விதித்தான்? நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 11

தரை கூட்டினேன். "சலூன்காரனுக்கே தாடியா? மழிக்க ஆள் கிடைக்கலையா?" என்று வருகிறவர்கள் எல்லாம் அண்ணனைக் கேலி செய்கிறார்கள்.

"ஆளு லீவுல இருக்கான்" என்கிறான். தாடி கழுத்தை மறைத்துவிட்டது. நான் நிமிராமல் கூட்டிக்கொண்டிருந்தேன்.