நமுலேரே வளைவில் கவுன்சிலரின் முகம்

பிப்ரவரி 3

மறுபடியும் அதே வளைவு. மழை இல்லை, மூடுபனி இல்லை, பட்டப்பகல். ஒரு பிக்கப் வண்டி யூகலிப்டஸ் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. ஓட்டியவன் அங்கேயே போய்விட்டான். பின்னால் இருந்த கோழிக்கூடைகள் உடைந்து, ஊரே கோழி பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் போக்குவரத்துப் போலீஸின் பெரிய அதிகாரி முகேரா வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "அதிவேகம், ஓட்டுநர் கவனக்குறைவுன்னு எழுதிடு, நாசூனா" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது. விசாரணை முடிந்தது!

அதிவேகம்தான். யார் இல்லை என்றது? சதுப்பு நிலத்தின் நடுவே புதுத்தார் போட்டுச் சாலையைக் கண்ணாடி மாதிரி நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கோரைப்புல், வானம். வேகம் போவதே தெரியாது. அந்த மயக்கத்திலேயே வந்து மேட்டில் ஏறினால் வளைவு. தாருக்குக் கைநீட்டும் தூரத்தில் மரவரிசை. இதே பிழையை வேறிடத்தில் செய்தவன் சோளக்காட்டில் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான். இங்கே செய்தால் சவப்பெட்டி. இதைச் சொல்லப் போனால் முகேராவுக்குக் கொட்டாவி வருகிறது.

பிப்ரவரி 6

பாஸ்டர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து வளைவில் ஜெபக்கூட்டம் நடத்தினார். சதுப்பு நிலத்துப் பெண்பேய் வெள்ளை உடையில் வந்து ஓட்டுநர்களின் கண்ணைக் கட்டுகிறதாம். கூட்டம் பாதித் தாரை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சரக்கு லாரி மயிரிழையில் தப்பிப் போனது.

என் கான்ஸ்டபிள் ஒபுரா காதருகே வந்து, "அஃபாண்டே, அந்தப் பேயை நிறுத்தி லைசென்ஸ் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான். நாட்டின் வடக்கிலிருந்து வந்தவன்; மேலதிகாரியை 'அஃபாண்டே' என்று கூப்பிடும் மரியாதை தவறாது, முகத்தில் சிரிப்பே இருக்காது. இந்த ஊரில் அறிவுள்ள பேச்சு என்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 18

பேருந்து நின்றால் போதும், வாழைப்பழம் சுட்டு விற்கும் பெண்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து வெட்டுக்கிளி மாதிரி பாய்கிறார்கள். சக்கரத்துக்கும் தங்கள் காலுக்கும் இடையே ஒரு சாண்கூட விடுவதில்லை. அவர்களுக்குத் தலைவி நபிர்யே. இரட்டைப் பிள்ளைகளின் தாய். வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம்.

"ஓரமா நில்லு! செத்துத் தொலைஞ்சா நான்தானே அள்ளணும்?" என்று கத்தினேன்.

"அய்யோ அஃபாண்டே, என்னை அள்ள உங்க ஒருத்தி கை போதாதே" என்று இடுப்பில் கைவைத்துத் தன் உடம்பைக் காட்டினாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். "முதல்ல ஒரு பழம் சாப்பிடுங்க. பசியிலதான் இப்படிக் கோபம் வருது."

வாங்கவில்லை. முட்டாள் ஜனங்கள்.

மார்ச் 2

இன்றைய கூத்தை எழுதாமல் தூங்க முடியாது.

கவுன்சிலர் செகிட்டோ சாலைப் பாதுகாப்புக்காகப் பலகை திறந்துவைத்தார். வீட்டுச் சுவர் அளவு தகடு, யானைக்கால் மாதிரி இரண்டு இரும்புத் தூண்கள், அடியில் கான்கிரீட். தகட்டில் முக்கால்வாசி அவர் முகம். பற்களை எண்ணலாம். மூலையில், மன்னிப்புக் கேட்பதுபோல் பொடி எழுத்தில், 'மெதுவாகச் செல்வீர்'. நட்ட இடம்? வளைவின் உள்பக்கம். தோட்டங்களிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை சாலையைத் தொடும் இடத்துக்கு நேர் முன்னால்.

பாதையில் நின்று பார்த்தேன். வரும் வண்டி கண்ணுக்குத் தெரியவே இல்லை. கவுன்சிலரின் முதுகுத் தகரம்தான் தெரிந்தது. திடீரென்று அதன் விளிம்பிலிருந்து ஒரு பேருந்தின் மூக்கு! வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கும் பாதை தெரியாது, பல்தான் தெரியும்.

சோடா குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"முகம் பெருசா இருந்தாத்தான் மேடம் ஜனங்க வேகத்தைக் குறைச்சுப் பாப்பாங்க" என்றார்.

முகேரா சிரித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "தேர்தல் வருஷம். வாயை மூடிக்கிட்டு இரு" என்றார்.

மார்ச் 3

பலகையை நகர்த்தச் சொல்லி எழுத்தில் கேட்டேன். மேலே அனுப்புவதாக முகேரா சொன்னார். மேலே என்பது அவருடைய மேசை இழுப்பறை.

மார்ச் 21

நபிர்யே.

மதியம். பாதை வழியாக வாழைத்தார் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். தலையில் சுமை இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும். பலகையைத் தாண்டி ஒரு அடி வைத்திருப்பாள். மினிபஸ் டிரைவர் சின்னப் பையன், தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "அந்தம்மா தகரத்துக்குள்ளேர்ந்து வந்தாங்க, தகரத்துக்குள்ளேர்ந்து வந்தாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அள்ளினோம். நான், ஒபுரா, இன்னும் இரண்டு பெண்கள். என் ஒருத்தி கை போதவில்லைடி. நீ சொன்னது சரிதான். போதவில்லை.

ஏன் அன்னைக்கு அந்தப் பழத்தை வாங்கலை நான்? வாங்கித் தின்னா என்ன குறைஞ்சு போயிருப்பேன்? எதுக்கு இந்த எழவு யூனிஃபார்ம்?

மார்ச் 22

"பாதசாரியின் கவனக்குறைவு" என்றார் முகேரா. கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

"அப்ப என்னன்னு எழுதப் போற?"

"கவுன்சிலரின் கவனக்குறைவுன்னு."

கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே வந்து சாத்தினேன்.

மார்ச் 24

அடக்கம். செகிட்டோ துக்கவீட்டுக்கு இரண்டு மூட்டைச் சர்க்கரையும், தனக்கு ஒலிபெருக்கியும் கொண்டுவந்தார். குழிமேட்டில் நின்று பேசினார். "நம்ம சகோதரி அந்தப் பலகையைப் படிச்சிருந்தா இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பா."

எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். லஞ்சம் வாங்குகிறவனிடம்கூட ஒரு கூச்சம் இருக்கும், கையை மேசைக்கு அடியில்தான் நீட்டுவான். இவன் பிணத்தைப் பார்த்து நீ ஏன் படிக்கவில்லை என்று கேட்கிறான்! அவளோ பலகையின் பின்பக்கமிருந்து வந்தவள். அங்கே படிக்க என்ன இருந்தது? வெறும் தகரம்தானே?

இரட்டையரில் ஒருத்தி என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விலக்கிவிடத் தோன்றவில்லை.

மார்ச் 27

செய்துவிட்டேன்.

உடைந்த வண்டி இழுக்கும் லாரியை ஒபுரா கூட்டிவந்தான். பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தி, என் பெயர்ப்பட்டையை நேராக்கிக்கொண்டு, தூண்களுக்குச் சங்கிலி போடச் சொன்னேன். பழம் விற்கும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து அடிமண்ணைத் தோண்டினார்கள். வெட்டுக்கிளிகள் என்று எழுதினேனே, அவர்கள்தான்.

பாதி சாய்ந்தபோது செகிட்டோ வந்து குதித்தார். "யாரைக் கேட்டுப் பிடுங்கற? யாருடைய உத்தரவு?"

"போக்குவரத்துக்கு இடைஞ்சல். அகற்றுகிறேன். உத்தரவு என்னுடையது."

"என் முகத்தை மண்ணுல போடறியா?"

கடப்பாரை வைத்திருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். "அவளை மண்ணுல போட்டப்ப பேசினீங்களே சார், இப்பவும் ஏதாவது பேசுங்க."

மனிதர் லாரி டிரைவர் பக்கம் ஓடினார். அதற்குள் தகடு விழுந்துவிட்டது.

விழுந்ததும் அந்தப் பாதை முழுசாகத் தெரிந்தது. தோட்டம்வரை.

மார்ச் 28

மரங்களில் இன்னும் கை வைக்கவில்லை. அவை ஆறு குடும்பங்களின் சொத்து என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே லாரியால் இழுக்க முடியாது.

ஏப்ரல் 2

எதிர்பார்த்ததுதான். கீழ்ப்படியாமைக்காக வடகிழக்கு எல்லைக்கு மாற்றல். மாட்டுத்திருட்டு விசாரிக்கலாம்; அங்கே தார்ச்சாலையே கிடையாதாம். முகேரா கைகுலுக்கி, "உன் நல்லதுக்குத்தான்" என்றார். கையைக் கழுவிக்கொண்டேன். நிஜமாகவே, சோப்புப் போட்டு.

ஏப்ரல் 6

ஒபுரா வந்து சொன்னான்: செகிட்டோவின் ஆட்கள் புதுத்தூண்களோடு வந்தார்களாம். நபிர்யேயின் கூட்டாளிகள் குழி தோண்டவேண்டிய இடத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "எங்க தலைமேல நட்டுக்கோங்க" என்றார்களாம். அவர்களை மிதித்துவிட்டு ஓட்டுக் கேட்க முடியாதே! பலகை ஊர் நடுவில் கவுன்சிலரின் சொந்த வாசலுக்குப் போய்விட்டது. தினமும் தன் பல்லைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

"அவங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

"யாரும் இல்லை, அஃபாண்டே. கோபம்தான்."

ஏப்ரல் 9

புது ஊருக்குப் போகும் பேருந்தில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது.

ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தது. சதுப்பு நிலத்தில் வழக்கம்போல் பறந்தான். என் நகம் இருக்கையில் பதிந்தது. மேட்டில் ஏறினோம். தூரத்திலேயே தெரிந்தது: பாதையில் ஒரு கிழவர், வாழைத்தார் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டுநரும் பார்த்துவிட்டான். கால் தளர்ந்தது, கியர் இறங்கியது. கிழவரும் எங்களைப் பார்த்து, தாருக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து நின்றார். ஓட்டுநர் ஒரு விரலைத் தூக்கினான். கிழவர் தலையசைத்தார். கடந்துவிட்டோம்.

திரும்பிப் பார்த்தேன். கிழவர் நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. தூக்கிப் பார்க்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை.