மூன்றாவது அட்டவணை

14 மார்ச் 2025, வெள்ளி

மதியம் மயூராவுடன் தேக்கா உணவங்காடியில் தோசை. வெள்ளிக்கிழமைகளில் அவள் சைவம். தவக்காலம் என்பதால் எனக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. தஞ்சோங் பகார் அலுவலகத்திலிருந்து ரயிலேறி இவ்வளவு தூரம் வர அது போதுமான காரணம் என்று இருவரும் நடிக்கிறோம். அவளும் நடிக்கிறாளா? தெரியாது.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்குக் கம்பெனி. சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை போடும். அதில் புகைக் கணக்கு என்னுடையது, எழுத்து அவளுடையது.

“நான் எழுதினத ஒரு தடவையாச்சும் படிச்சிருக்கியா டாரியஸ்?”

“எக்ஸலோட என் வேலை முடிஞ்சிருச்சு லா.”

“மூணு வருஷமா! வெக்கமா இல்ல?”

சிரித்தாள். இந்த அறிக்கை பேசப்பட்டால் அவளுக்குப் பதவி உயர்வு. எங்கள் மேலாளர் லொரைன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

20 மார்ச்

அவளுக்காகத்தான் வரைவைத் திறந்தேன். படிக்கப் படிக்க அவள் குரலே கேட்டது. பிறகு நான்காம் பக்கம்: ‘ஓராண்டில் புகை வெளியேற்றம் நாற்பத்தொரு விழுக்காடு குறைந்தது.’

என் கணக்கில் ஆறு.

போன ஜூனில் எங்கள் லாரிகளை ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு விற்றோம். விதிப்படி அவற்றின் புகையை, எங்கள் வேலைக்காகப் பிறர் விடும் புகைக்கான மூன்றாவது அட்டவணைக்கு மாற்றினேன். அந்த அட்டவணையே அறிக்கையில் இல்லை. முந்தைய ஆண்டில் லாரிகள் உண்டு, இந்த ஆண்டில் இல்லை. இவ்வளவுதான் சாதனை.

22 மார்ச், சனி

அம்மா மீன் வாங்கி வரச் சொன்னார். தேக்கா சந்தைக்குப் பின்னால் நாங்கள் விற்ற அதே லாரி, எங்களிடம் இருந்த அதே ஓட்டுநர் ரத்னவேல்.

“என்னண்ணே, வேற கம்பெனியா?”

“ஸ்டிக்கர்தான் தம்பி புதுசு. எஞ்சினுக்கு அதே இருமல்தான். ஏத்துறது உங்க சரக்குதான்.”

24 மார்ச்

சொதப்பிவிட்டேன். “பொய்தானே எழுதியிருக்க?” – இப்படியா ஆரம்பிப்பான் ஒருத்தன்?

மயூரா கத்தவில்லை. “லாரிய வேற டேபிளுக்கு மாத்துனது யாரு? நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? லொரைன் குடுத்தது ரெண்டு டேபிள். மூணாவது இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஒரு வருஷமாவது படித்திருக்கலாம்.

“பத்து நாள் குடு. நான் அவங்ககிட்ட பேசுறேன். இதுல எனக்கும் நிறைய இருக்கு, புரியுதா?”

சரி என்றேன்.

28 மார்ச், வெள்ளி

வேலை இருக்கிறது என்றாள். தனியாகத்தான் தேக்காவுக்குப் போனேன். பழக்கத்தில் இரண்டு தே தாரேக் சொல்லிவிட்டேன். இரண்டையும் குடித்தேன்.

1 ஏப்ரல்

எட்டு நாள் ஆயிற்று. வரைவில் இன்னும் நாற்பத்தொன்று. முடியவில்லை என்னால்.

அறிக்கையைச் சரிபார்க்கும் வெளித் தணிக்கையாளருக்கு மூன்றாவது அட்டவணையை அனுப்பினேன். லாரிக் கணக்கைப் பிரித்துவைத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்காதது என் தவறு என்றும் எழுதினேன். மயூராவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள். அவள் தடுத்தால் நின்றுவிடுவேன்.

3 ஏப்ரல்

லொரைன் கூப்பிட்டார். மயூரா போன வாரமே ஓர் அடிக்குறிப்பு எழுதித் தந்ததாகவும், தாம் அதற்கு ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார். காட்டினார். லாரி விஷயம் முழுவதும் இருந்தது – பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில். மேலே நாற்பத்தொன்று அப்படியே.

நான் செய்தது சரி. சரிதான். ஆனால் பத்து நாளுக்குத் தலையாட்டியவனும் நான்தானே?

வெளியே மயூரா நின்றிருந்தாள்.

“ரெண்டு நாள் பொறுக்க முடியலல்ல உங்களுக்கு?”

உங்களுக்கு.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

தேவாலயத்தில் மூன்று மணி வழிபாடு. முழங்காலில் இருந்தேன். அவளைத் தவிர எதையும் நினைக்கவில்லை.

30 ஏப்ரல்

அறிக்கை வந்துவிட்டது. கடைசி நான்கு நாளில் திருத்தி எழுதியதும் அவள்தானாம். நான்காம் பக்கம்: ‘நாங்கள் விற்ற லாரிகள் இன்றும் எங்கள் சரக்கையே ஏற்றுகின்றன. அவற்றையும் சேர்த்தால் புகை ஆறு விழுக்காடுதான் குறைந்தது.’

மூன்று முறை படித்தேன். இவ்வளவு நேராக எனக்குச் சொல்ல வராது. அதையே அவளுக்குச் செய்தியாக அனுப்பினேன். இன்னும் திறக்கவில்லை.

பதவி உயர்வு வேறொருவருக்கு. அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள்.

9 ஜூன்

அவள் சேர்ந்திருக்கும் கம்பெனி இதே கட்டடத்தில், பதினோராம் மாடியில். இன்று காலைதான் தெரிந்தது. லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். என் நான்கு, அவளுடைய பதினொன்று – இரண்டு பொத்தான்களையும் அவளே அழுத்தினாள். கேட்க வேண்டிய மன்னிப்பை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நான்கில் கதவு திறந்தது. மூடியது.

“உங்க ஃப்ளோர் போயிருச்சு.”

“தெரியும்” என்றேன்.