ஒரு மணி நேரத்துக்கு எண்ணூறு சோம்

செப்டம்பர் 4, வியாழன்
சம்பளம் வந்தது. பதினெட்டாயிரம் சோம். பயன்பாட்டு உளவியலில் முதுகலை, பிஷ்கெக்கில் எழுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரே மனநல ஆலோசகர் நான். அம்மா சந்தையில் உலர்ந்த பாதாமி விற்கிறாள். "என் கடைக்கு மூட்டை தூக்குறவனே இதைவிட ஜாஸ்தி வாங்குறான்டி" என்றாள். பொய்யும் இல்லை.

செப்டம்பர் 20, சனி
சொந்தக்காரப் பெண் பெர்மெட்டின் கல்யாண விருந்து. பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பெண்களும் மகன், மருமகள், தூக்கமின்மை என்று வரிசையாகக் கொட்டினார்கள். தட்டில் கறி ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்துவிட்டது. அவர்களை என்னிடம் அனுப்பி வைத்ததே அம்மாதான். "கனிகேய்கிட்ட கேளுங்க, சும்மாவே சொல்லுவா." சும்மாவாம்!

அக்டோபர் 11, சனி
என் சம்பளம் எப்போது கூடும் என்று கேட்க, மொச்சை போட்டுக் குறி சொல்லும் சோன்புபுவிடம் அம்மா என்னை இழுத்துப் போனாள். படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அதில் என் பள்ளிப் பையன் ஒருவனின் தாய். என்னைப் பார்க்க நேரமே இல்லை என்று நான்கு முறை சொன்னவள். பத்து நிமிடத்துக்கு ஐந்நூறு சோம். கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசும் என் அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். "வழி திறக்கும்" என்றாள் சோன்புபு. அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்திலேயே கத்திவிட்டேன். அவளுக்குக் காசு, எனக்கு மட்டும் ஏன் இல்லை? அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "காசு குடுக்காம கேட்ட பேச்சை யாருடி மனசுல வச்சுக்குவா?" என்றாள்.

எரிச்சலாக இருக்கிறது. சரியாகச் சொல்லிவிட்டாளே என்றுதான்.

அக்டோபர் 25, சனி
பல் மருத்துவர் ஒருவரின் பின்னறையைச் சனிக்கிழமைகளுக்கு வாடகைக்கு எடுத்தேன். வருகிறவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு எண்ணூறு சோம் வாங்குவேன். "யார் வருவா?" என்றாள் அம்மா.

நவம்பர் 15, சனி
ஒரே ஒருவர் வந்தார். கடைவாய்ப் பல் வலியாம்.

நவம்பர் 20, வியாழன்
ஒரு வங்கியில் கூப்பிடுகிறார்கள். கடன் கட்டாதவர்களிடம் தொலைபேசியில் பேச வேண்டும். உளவியல் படித்தவர்களே வேண்டுமாம். நாற்பதாயிரம். எங்கே தொட்டால் மனிதர் பயப்படுவார் என்று தெரியுமே, அதற்காக. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாமா? வாடகை கொடுத்துக் காலி நாற்காலியைப் பார்ப்பதற்கு இது மேல்தானே?

நவம்பர் 29, சனி
கதவு திறந்தது. அம்மா. கடையை யாரிடமோ விட்டுவிட்டு, விசேஷத்துக்குக் கட்டும் தலைத்துணியோடு வந்திருந்தாள். எண்ணூறு சோமை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூடாது, அது எங்கள் தொழில் விதி, கூடப் படித்த தோழியின் பெயர் தருகிறேன் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"வீட்ல நான் பேசினா நீ போனைப் பாத்துக்கிட்டே ம்-னு சொல்லுவ. இங்க கேட்டுத்தான ஆகணும்."

போனை அணைத்துப் பையில் போட்டேன். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அப்பாவைப் பற்றி ஆறு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அம்மா அங்கிருந்து ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் முடிந்த பிறகும் நான் அவளை நிறுத்தவில்லை. போகும்போது காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு
வங்கிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

அம்மா நேற்றுச் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.