ரப்பர் மரத்துக்கு இலை உண்டு

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து எட்டாவது நாள். பிடிபட்ட முதல் நாள்.

குற்றம்: கரமனை வீட்டு மொட்டை மாடியிலிருந்து, எதிர் பிளாட் ஹெட்மாஸ்டர் சாரின் (ரிட்டயர்டு) வழுக்கையில் கண்ணாடி வைத்து வெயில் அடித்தது. தினமும் ஏழு மணிக்கு, அவர் பேப்பர் பிரிக்கும்போது. ஆறு நாளில் நாற்காலியை நாலு திசைக்கும் மாற்றிப் பார்த்துவிட்டார். இன்று நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

தண்டனை: கண்ணாடி பறிமுதல். வாரம் முழுக்க அம்மாவோடு வேலைக்கு.

அம்மா வேலை பற்றி: அப்பா சாலை பஜார் ஹார்டுவேர் கடையில் கம்பி விற்கிறார். அம்மா கம்பியில்லாததை விற்கிறாள். போன வருடம் கழக்கூட்டம் ஐ.டி. ஆபீஸை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி. கம்பெனி என்றால் அம்மா, கம்பம் ஏறும் பினு அண்ணன், ஒரு பழைய வேன். கேபிள் போகாத மலையோர ஊர்களுக்கு வயர்லெஸ் நெட். இந்தக் குன்றில் ஒரு டிஷ், எதிர் ஊரில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. காதல் மாதிரி என்கிறார் பி. அண்ணன். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நாளை விதுரை தாண்டி பாறைக்கோணம். நாற்பது வீடு. போனில் சிக்னல் ஒரு கட்டைகூட வராத ஊர். பொங்கல் லீவில் சர்வேக்கு நானும் போயிருந்தேன். நோட்டில் 'பார்வை: கிளியர்' என்று எழுதியது என் கைதான். ஆகவே வேலை சுலபம்.

ஏப்ரல் 8, புதன்

சுலபம் இல்லை.

வாசகசாலை மாடியில் டிஷ் கட்டி, எதிர்க் குன்றைப் பார்த்துத் திருப்பினோம். குன்றைக் காணவில்லை. ஜனவரியில் பளிச்சென்று தெரிந்த குன்று! அந்த இடத்தில் பச்சைச் சுவர்.

"சேச்சி, சிக்னல் இல்லா." பி. அண்ணன் மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் மெதுவாக.

கீழே ஷீஜா அக்கா. விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். குலசேகரத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பெண், பி.எஸ்சி. டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலைக்கு மனு போட்டிருக்கிறார்: கழக்கூட்டம் கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு ஆன்லைனில் டெஸ்ட். 'வீட்டில் நெட் உண்டு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அம்மாவின் வார்த்தையை நம்பி. நடுவில் நெட் அறுந்தால் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும்.

"நீங்க வந்தது மரம் இலை கொட்டுத சமயம்லா மேடம். மொட்டையா நின்னுச்சு. மார்ச்சுல மறுபடி தளிர்த்துரும்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே? போன்ல படம் புடிச்சிட்டுப் போயிட்டிய. நானும் நெட்டுன்னா இலைக்குள்ள பூந்து போகும்னு நெனச்சேன்."

அம்மா நோட்டைப் பிரித்து, 'கிளியர்' என்ற வார்த்தையை இன்னொரு தடவை படித்தாள்.

மூன்று தலைமுறையாகச் சாலையில் ரப்பர் வாஷர், ரப்பர் ஷீட், ரப்பர் ஓஸ் விற்ற குடும்பம் நாங்கள். ரப்பருக்கு இலை உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு அது ரோலாத்தாம்மா வரும்" என்றார்.

திரும்பும் வழியில், வேனில் அம்மா:

"ஏட்டி, நோட்டுல கிளியர்னு எழுதுனது யாரு?"

"நான்."

"கையெழுத்துப் போட்டது?"

"நீ."

"அப்ப ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வருவோம்."

விதுரையிலிருந்து கரமனை வரை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு இது ரிக்கார்டு.

ஏப்ரல் 9, வியாழன்

காலை மூடாப்பு, மூன்று மணிக்கு மேல் இடி மின்னல். இடிக்கு மட்டும் இந்த வாரம் தினமும் இதே டைம்டேபிள். இடி இருந்தால் கம்பம் ஏறக் கூடாது. அதாவது எங்களுக்கு மத்தியானம் வரைக்கும்தான் நாள்.

எஸ்டேட் மேனேஜரிடம் அம்மா பேசினாள். நாலு மரத்தின் கொப்பு மட்டும் கழிக்கலாமா?

"மரத்தைத் தொட்டா விவரம் அறியும்" என்றார். தமிழில்: தொட்டால் தெரியும் சேதி.

அறிந்துகொண்டு திரும்பினோம்.

இந்தத் தடவை அம்மா ஷீஜா அக்காவிடமே கேட்டாள். நோட்டை என் கையில் கொடுத்து, அவர் சொல்கிறதை அப்படியே எழுதச் சொன்னாள். ஒரு மரம் விடாமல் தெரிகிறது அவருக்கு. எது கிழடு, எது போன வருடம் காற்றில் சாய்ந்தது, எங்கே வெட்டிவிட்டுப் புதிதாகக் கன்று நட்டிருக்கிறார்கள். கடைசியில் மூன்று இடம் தேறியது: தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி மாடி, அவருடைய புகைப்புரை (ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் தகரக் கொட்டகை).

"ஒரு எடத்துல கட்டி நோக்கான் அர நாள் வேணும் சேச்சி" என்றார் பி. அண்ணன்.

மூன்று இடம், மூன்று அரை நாள். கையில் இருப்பது ஒன்று.

அப்போது வாயைத் திறந்தேன்: "கட்டிப் பாக்க வேண்டாம். கண்ணாடி போதும்."

குன்றிலிருந்து நான் வெயில் அடிக்கிறேன். ஷீஜா அக்கா ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம் நிற்கட்டும். எங்கே கண் கூசுகிறதோ அங்கே இலை இல்லை. கூசினால் அவர் சோற்றுத் தட்டால் திருப்பி அடிக்க வேண்டும்.

அம்மா என்னைப் பார்த்தாள். டேஷ்போர்டைத் திறந்தாள். கண்ணாடி.

"உடைச்சே, தொலைச்சிருவேன்."

"சாரைக் கேட்டுப் பாரு. என் குறி தப்பினதே இல்ல."

ஏப்ரல் 10, வெள்ளி

வெயில்! வெயில்! வெயில்!

7.40 குன்றின் மேல், எங்கள் டிஷ் நிற்கும் டவர் காலடியில். முறை (சார் தலையில் ஆறு நாள் பயின்றது): இடது கையை நீட்டி இரண்டு விரலைக் கத்தரிபோல் விரி. விரலுக்கு நடுவில் ஆளை வை. வெளிச்சம் விரலில் விழுந்தால் ஆள்மேலும் விழும். இங்கே ஆள் தெரியாது என்பதால் பச்சை முழுவதையும் வெளிச்சத்தால் வரி வரியாகப் பெருக்கினேன்.

8.00 முதல் 8.20 வரை தொட்டி. ஒன்றுமில்லை.

8.40 வரை அங்கன்வாடி. ஒன்றுமில்லை. அம்மா புடவைத் தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாள்.

8.47 பச்சைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அணைந்தது. மறுபடி.

"தட்டு!" என்று கத்தினேன். பி. அண்ணன் வேனுக்குள் இருந்தபடியே ஹார்ன் அடித்தார். அம்மா கத்தவில்லை. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புகைப்புரைதான். முன்னால் இருப்பது கன்று நட்ட பிளாக், பார்வையை மறைக்காத உயரம். தகரக் கூரைக்கு மேல் டிஷ்ஷைத் தூக்க இருபதடிக் கம்பம் வேண்டும். சாலைக் கடைக்கு போன் பறந்தது. கம்பியில்லாச் சேவைக்குக் கடைசியில் அப்பா கடைக் கம்பிதான். அப்பாவே கூட வந்து இறக்கினார், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

2.35 நெட் வந்தது. 2.50 முதல் இடி. எல்லார் மூக்கும் கரி.

ஏப்ரல் 11, சனி

நாங்கள் மூவரும் குன்றில், காற்றில் டிஷ் திரும்பினால் பிடிக்க. ஷீஜா அக்கா வீட்டில் தனியாக. கூட ஆள் நின்றால் கை ஓடாதாம். நேற்றே பேசி வைத்தது: வேலை கிடைத்தால் தட்டு மின்னும்.

10.00 அம்மாவின் லேப்டாப்பில் நெட் ஓட்டத்தைக் காட்டும் கோடு ஓட ஆரம்பித்தது. ஷீஜா அக்கா டெஸ்ட்டுக்குள் போய்விட்டார்.

10.25 காற்று. கோடு தரைக்கு இறங்கி, உடனே எழுந்தது. பி. அண்ணன் பாதிக் கம்பத்தில் பல்லி மாதிரி.

11.00 கோடு நின்றது. முடிந்ததா, அறுந்ததா?

11.05 தட்டு இல்லை.

11.15 இல்லை. அம்மா: "அவளை நம்ப வச்சுட்டு…" பாதியில் நிறுத்தினாள்.

11.20 தலையைத் தூக்கினால் வானம் முழுக்க மேகம். சூரியனே இல்லை. இருபது நிமிடமாக இல்லாத வெயிலில் தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

11.22 அம்மாவின் போன். வீடியோ கால். முகம் முழுக்கப் பல், பின்னால் புகைப்புரை.

"மேடம், வெயிலைக் காணோம்லா. அதான் இப்படிக் கூப்பிட்டேன். திங்கக்கெழமையிலிருந்து வரச் சொல்லிட்டாவ. வரச் சொன்னாவன்னா, இங்கயே இருக்கச் சொல்லிட்டாவ!" அப்புறம் என்னைப் பார்த்து, "மக்ளே, இனி கண்ணாடி வேண்டாம் கேட்டியா."

ஊருக்கே நெட் கொடுத்தவர்கள் நாங்கள். அவர் போன் பண்ணலாம் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா சிரித்துச் சிரித்து வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரவு 8. கண்ணாடி இன்னும் என் பையில். அம்மா கேட்கவில்லை. மேகம் கலைந்துவிட்டது. சாருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பேப்பர் உண்டு.